முடிக்காமல் நிற்கும் இரண்டு தாள்கள்

ஒரு பிள்ளையைக் கல்லூரியில் கொண்டுவந்து சேர்ப்பதற்குத் தமிழ்நாடு எடுத்துக்கொண்ட முயற்சி சிறியதல்ல. 2021–22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில், 18 முதல் 23 வயது வரையிலான மக்கள்தொகையோடு ஒப்பிட்டுக் கணக்கிடப்படும் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாடு முழுவதற்கும் 28.4 சதவீதமாக இருந்தபோது, தமிழ்நாட்டில் அது 47 சதவீதமாக இருந்தது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கல்விக் கட்டணச் சலுகை, அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், 2024 ஆகஸ்டில் மாணவர்களுக்காக வந்த தமிழ்ப் புதல்வன் திட்டம் என்று ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வீட்டில் "படிக்க வைக்க முடியாது" என்ற பேச்சை நிறுத்தியிருக்கிறது. கடைசி இரண்டு திட்டங்களும் தரும் மாதம் 1,000 ரூபாய் என்பது பேருந்துக் கட்டணத்தையும் மதியச் சாப்பாட்டையும் பார்த்துக்கொள்ளும் தொகை என்பதால், அதைச் சிறிது என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

ஆனால் சேர்க்கை விகிதம் சேர்ந்தவர்களைத்தான் எண்ணுகிறது. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் பட்டத்தோடு வெளியே வந்தார்கள், வந்தவர்களில் எத்தனை பேர் படித்த படிப்புக்கு ஏற்ற வேலையில் அமர்ந்தார்கள் என்ற கேள்விகளைச் சேர்க்கையைப் பற்றிப் பேசும் அளவுக்கு நாம் பேசுவதில்லை. நான் கோவை கணபதியில் எந்திரப் பாகங்கள் தயாரிக்கும் ஒரு தொழிற்கூடத்தில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சில பேர் சேர்ந்து, கல்லூரியின் கடைசி ஆண்டில் இருப்பவர்களுக்கும், நான்கு ஆண்டும் முடிந்து அரியர், அதாவது தேறாமல் நிற்கும் தாள்கள் மட்டும் மிச்சம் வைத்திருப்பவர்களுக்கும் பாடம் சொல்லிக்கொடுத்து வருகிறோம். அந்த அனுபவத்திலிருந்து எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன்: பாதியில் நிற்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிக்க முடியாதவர்கள் அல்லர், கடைசிக் கட்டத்தில் அவர்கள் பக்கத்தில் உட்கார ஆள் இல்லாமல் போனவர்கள்.

நான்கு ஆண்டும் வகுப்புக்குப் போய், விடுதிக் கட்டணமும் கல்லூரிக் கட்டணமும் கட்டி முடித்து, இரண்டோ மூன்றோ தாள்கள் மட்டும் நிற்கும் ஒருவரின் நிலையை வெளியில் இருப்பவர்கள் எளிதில் உணர்வதில்லை. படிப்பை நிறுத்தியவர் என்று அவரை எந்தக் கணக்கிலும் காட்ட முடியாது. பட்டதாரி என்று அவரே தன்னைச் சொல்லிக்கொள்ள முடியாது. தற்காலிகச் சான்றிதழ் கையில் இல்லாததால், பட்டம் கேட்கும் எந்த வேலைக்கும் விண்ணப்பிக்க வழியில்லை. பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழை வைத்துக்கொண்டு டெலிவரி வேலைக்கோ, திருப்பூரில் ஏதாவது ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்கோ போகிறார். மாதம் பதினைந்தாயிரம் வரத் தொடங்கியதும், நவம்பரில் எழுத வேண்டிய தாள் ஏப்ரலுக்குத் தள்ளிப்போகிறது, ஏப்ரலில் தங்கை கல்யாணம் வருகிறது, அதன் பிறகு அந்தப் பாடத்தின் பெயர்கூட மறக்கத் தொடங்குகிறது. "ரெண்டு பேப்பர்தானுங்க அக்கா நிக்குது, எப்ப வேணா எழுதிக்கலாம்" என்று சொல்பவர்களிடம்தான் எனக்கு மிகுந்த கவலை உண்டாகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் நான்கு ஆண்டுப் பொறியியல் படிப்பை முடிக்க மொத்தம் 14 பருவங்கள், அதாவது ஏழு ஆண்டுகள்தான் அவகாசம். அதைத் தாண்டியவர்களுக்குப் பல்கலைக்கழகம் அவ்வப்போது சிறப்பு வாய்ப்பு அளித்திருக்கிறது என்றாலும், அதை நம்பி யாரும் வாழ்க்கையைத் திட்டமிட முடியாது.

அரியர் எப்படிச் சேர்கிறது என்பதைப் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். தமிழ் வழியில் பன்னிரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு முதல் பருவத்தில் வரும் ஏறக்குறைய அத்தனை பாடமும் ஆங்கிலத்தில் இருக்கிறது. 2010 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தில் சிவில், மெக்கானிக்கல் இரண்டு பிரிவுகளும் தமிழ் வழியிலும் நடத்தப்பட்டாலும், அந்த இடங்களில் படிப்போர் சிலரே. முதல் பருவத்தில் கணிதமோ இயற்பியலோ ஒன்று போகிறது. இரண்டாம் பருவத்தில் அதையும் சேர்த்து எழுத வேண்டியிருப்பதால் புதிதாக வந்த பாடங்களில் ஒன்று போகிறது. ஐந்தாம் பருவம் வரும்போது, அந்தப் பருவத்துப் பாடங்களோடு நான்கைந்து பழைய பாடங்களும் சேர்ந்து, தேர்வு அட்டவணையில் இடைவெளியே இல்லாமல் நிரம்பிவிடுகின்றன. கட்டணம் கட்டியாயிற்றே என்று எல்லாவற்றையும் எழுதி, எதற்கும் முழுமையாகத் தயாராகாமல், எல்லாவற்றிலும் முப்பதும் முப்பத்தைந்தும் வாங்கி வருகிறார்கள். ஏழாம் பருவத்தில் நிறுவனங்கள் வளாகத் தேர்வுக்கு வரும்போது அறிவிப்பின் முதல் வரியிலேயே "அரியர் நிலுவை இருக்கக் கூடாது" என்ற நிபந்தனை இருக்கிறது. வகுப்பில் பாதிப் பேர் தேர்வு அறைக்குள் போவதையும் தான் வெளியே நிற்பதையும் பார்க்கும் அந்த வாரத்தில்தான் பல பிள்ளைகள் மனத்தளவில் கல்லூரியை விட்டு வெளியேறுகிறார்கள் என்பது என் கணிப்பு.

எங்களிடம் வருபவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது எல்லாப் பருவங்களின் மதிப்பெண் பட்டியல்களையும்தான். அவற்றை மேசையில் பரப்பி, நிற்கும் தாள்கள் ஒவ்வொன்றையும் ஒரு காகிதத்தில் எழுதி, பக்கத்தில் கல்லூரியே வழங்கும் அகமதிப்பீட்டு மதிப்பெண் எவ்வளவு இருக்கிறது, எத்தனை முறை எழுதியாயிற்று, பல்கலைக்கழகத்தின் எந்த ஆண்டு ஒழுங்குமுறையின் (பாடத்திட்ட, தேர்வு விதிகளின்) கீழ் வருகிறது என்பதையும் குறிக்கிறோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் எழுத்துத் தேர்வுப் பாடங்களுக்கு அகமதிப்பீடு 40, பருவத் தேர்வு 60 என்ற பங்கீடு இருப்பதால், அகமதிப்பீட்டில் 32 வைத்திருக்கும் பிள்ளைக்கும் 18 வைத்திருக்கும் பிள்ளைக்கும் அதே பாடம் வேறு வேறு தொலைவில் இருக்கிறது. தன்னாட்சிக் கல்லூரிகளில் கணக்கு வேறு என்பதால், அந்தந்தக் கல்லூரியின் ஒழுங்குமுறையைப் பார்த்துத்தான் எதையும் சொல்கிறோம். பிறகு அந்தப் பட்டியலிலிருந்து அந்தப் பருவத்துக்கு இரண்டே தாள்களைத் தேர்ந்தெடுக்கிறோம். ஆறு அரியர் வைத்திருப்பவர் ஆறையும் எழுதட்டும், அதில் தடையில்லை. ஆனால் படிப்பது அந்த இரண்டு தாள்களுக்கு என்று முடிவு செய்துகொள்கிறோம். இரண்டும் கையில் வந்துவிட்டால் அடுத்த பருவத்தில் அந்தப் பிள்ளை உட்காரும் விதமே மாறிவிடுகிறது.

பொறியியல் மாணவர்கள் 'எம் த்ரீ' என்று அழைக்கும் மூன்றாம் பருவக் கணிதத்தை எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் எங்கள் பட்டியல்களில் அடிக்கடி வருவது அதுதான். பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள், ஃபூரியர் தொடர், அந்தச் சமன்பாடுகளின் பயன்பாடுகள், ஃபூரியர் உருமாற்றம், இசட் உருமாற்றம் என்று ஐந்து அலகுகள். "ஃபூரியர் சீரீஸ் எனக்கு வராதுங்க" என்று சொல்லும் பிள்ளையிடம் ஒரு கணக்கைக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், சிக்கல் ஃபூரியரில் இருப்பதில்லை என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். சூத்திரத்தைச் சரியாக எழுதுகிறார். எல்லைகளைச் சரியாகப் போடுகிறார். x-ஐயும் cos nx-ஐயும் பெருக்கித் தொகையிட வேண்டிய இடத்தில் நின்றுவிடுகிறார். அது பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பெர்னோலி சூத்திரம். அதைத் தாண்டினால், எல்லையைப் பிரதியிடும்போது cos nπ-இன் மதிப்பு n இரட்டைப்படையாக இருந்தால் ஒன்று, ஒற்றைப்படையாக இருந்தால் மைனஸ் ஒன்று என்பது நினைவுக்கு வராமல், விடையில் குறி மாறிப்போகிறது. இந்த இரண்டையும் திரும்பத் திரும்பக் கைக்குப் பழக்கினால், இரண்டாம் அலகு கைவசமாகிறது. மூன்றாம் அலகில் வரும் அதிரும் கம்பியின் கணக்கும் கடைசியில் ஓர் அரைவீச்சு ஃபூரியர் தொடரில்தான் போய் முடிகிறது என்பதால் அதுவும் பாதி வந்துவிடுகிறது. நான்காம் அலகின் தொகையீடுகளும் அதே பயிற்சியில் அடங்குகின்றன. ஒரு பாடம் முழுவதும் பாறையாகத் தெரிந்த பிள்ளைக்கு, தான் தடுக்கி விழுந்தது பள்ளிக் கணக்கு இரண்டில்தான் என்று தெரியும்போது முகத்தில் வரும் வெளிச்சத்தைப் பார்ப்பதற்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

வகுப்பில் அறுபது பேருக்குப் பாடம் நடத்தும் ஆசிரியரால் இதைச் செய்ய முடியாது என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவருக்கு அந்தப் பருவத்துப் பாடத்தை நடத்தி முடிக்க வேண்டிய கட்டாயம் இருக்கிறது. போன பருவத்தில் தவறியவர்களுக்கு என்று கல்லூரிக் கால அட்டவணையில் ஒரு மணி நேரம்கூட ஒதுக்கப்படாததுதான் குறை. தேர்வு முடிவு வந்ததும் விடைத்தாளின் நகலுக்கு விண்ணப்பித்து, அதைப் பாட ஆசிரியரிடம் காட்டி, தகுதி இருந்தால் மறுமதிப்பீட்டுக்கு அனுப்பலாம் என்ற வழி இருப்பதைக்கூடப் பல பிள்ளைகள் கடைசி நாள் கடந்த பிறகுதான் அறிகிறார்கள். விடைத்தாள் நகலை மறுமதிப்பீட்டுக்காக மட்டும் வாங்க வேண்டும் என்பதில்லை. எங்கே மதிப்பெண் போயிற்று என்று ஒரு பிள்ளை தன் கையெழுத்திலேயே பார்ப்பது அடுத்த முயற்சிக்குப் பெரிய உதவி.

பாடத்துக்கு அடுத்தபடியாகப் பிள்ளைகளை நிறுத்துவது பணம், அதுவும் பெரும்பாலும் சிறிய பணம். தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள் வரும்போது கையில் இல்லாத சில நூறு ரூபாய்க்காக ஆறு மாதம் தள்ளிப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். உதவித்தொகை வரும் வங்கிக் கணக்கு ஆதாரோடு சரியாக இணைக்கப்படாததால் பணம் திரும்பிப் போவதும், வருமானச் சான்றிதழைப் புதுப்பிக்காமல் விட்டதால் விண்ணப்பம் நிற்பதும் ஆண்டுதோறும் நடக்கின்றன. இவற்றை இ-சேவை மையத்திலும் வங்கியிலும் ஒரு முற்பகலில் சரிசெய்துவிடலாம். ஆனால் கூலி வேலைக்குப் போகும் தந்தையால் அந்த முற்பகலை விட முடிவதில்லை, பிள்ளைக்கோ எந்தச் சாளரத்தில் என்ன கேட்க வேண்டும் என்பது தெரிவதில்லை. ஒரு தனியார் கல்லூரியில் நிலுவைக் கட்டணத்தைக் காரணம் காட்டி ஒரு மாணவியின் அசல் பள்ளிச் சான்றிதழ்களைத் தர மறுத்தார்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016இலேயே அறிவித்திருக்கிறது என்பதை எடுத்துச் சொல்லி, எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்த பிறகுதான் அவை கைக்கு வந்தன.

கல்விக்கடன் வாங்கியவர்களுக்கு இன்னொரு சுமை உண்டு. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி, படிப்புக் காலம் முடிந்து ஓராண்டு வரை தவணை கட்டத் தேவையில்லை. அரியர் நிற்கும் பிள்ளைக்கு அந்த ஓராண்டு, வேலை கிடைக்காமலேயே ஓடிவிடுகிறது. வங்கியிலிருந்து முதல் நோட்டீஸ் வந்ததும் வீட்டில் பேச்சு எழுகிறது. படிக்க வேண்டிய பிள்ளை தவணைக்காக வேலைக்கு ஓடுகிறது. குறித்த காலத்தில் படிப்பை முடிக்க முடியாதவர்களுக்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள் வரை நீட்டிப்புத் தர அதே திட்டத்தில் இடம் இருக்கிறது. கிளை மேலாளரிடம் கல்லூரியின் கடிதத்தோடு முன்கூட்டியே போய்ப் பேசுபவர்களுக்கு அது கிடைக்க வாய்ப்பு உண்டு; கடன் வாராக்கடனாக மாறிய பிறகு போனால் பேச்சே வேறாகிவிடும்.

பெண் பிள்ளைகளின் விஷயத்தில் தேதிகளைவிட உறவுகள்தான் பெரிய தடை. ஏழாம் பருவத்தில் நிச்சயம், எட்டாம் பருவம் முடிந்ததும் கல்யாணம், "மிச்ச பேப்பரை அங்க போயி எழுதிக்கட்டும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். போன இடத்தில் எழுதுவது எளிதாக நடப்பதில்லை. இதில் நாங்கள் கற்றுக்கொண்டது, அறிவுரை சொல்வதைவிடத் தேதி குறிப்பது மேல் என்பதுதான். அம்மாவிடமும் மாமியாராக வரப்போகிறவரிடமும் தேர்வு நாட்களை எழுதிக் கொடுத்து, "இந்த மூணு நாளு மட்டும் பாப்பாவை அனுப்பி விடுங்கம்மா" என்று கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. பட்டம் வேண்டும் என்று பொதுவாகக் கேட்கும்போது தயங்குபவர்கள்கூட, மூன்று நாட்கள் என்று கேட்கும்போது இறங்கி வருகிறார்கள்.

இனி வேலைக்குத் தயாராவதைப் பற்றி. பட்டம் கையில் வந்துவிட்டால் போதும் என்று நான் சொல்லவில்லை, ஏனென்றால் எங்கள் பரிசோதனை மேசைக்கு வரும் புதிய பொறியாளர்களை நான் தினமும் பார்க்கிறேன். வரைபடத்தில் ஒரு துளையின் அளவு '20 எச்7' என்று போட்டிருக்கும். மெக்கானிக்கல் பட்டம் பெற்ற பிள்ளை, "இருபது மில்லிமீட்டர்" என்று சொல்லிவிட்டு வெர்னியரை எடுப்பார். அந்த எச்7 என்ற குறி, துளை 20.000 மில்லிமீட்டருக்குக் குறையவும் கூடாது, 20.021 மில்லிமீட்டரைத் தாண்டவும் கூடாது என்று கட்டளையிடுகிறது. நம் கையில் இருக்கும் வெர்னியரின் மீச்சிற்றளவு 0.02 மில்லிமீட்டர், அனுமதிக்கப்பட்ட மொத்த இடைவெளியே 21 மைக்ரான் என்னும்போது, அந்தக் கருவியால் இந்தத் துளையைச் சரி என்றோ தவறு என்றோ சொல்ல இயலாது. அதற்குத் துளையின் உள்விட்டத்தை நுட்பமாக அளக்கும் போர் கேஜ் வேண்டும், அல்லது ஒரு முனை உள்ளே போகவும் மறு முனை போகாமல் நிற்கவும் செய்யப்பட்ட 'கோ – நோ கோ' பிளக் கேஜ் வேண்டும். இந்தச் செய்தி பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் பிள்ளை அதைத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருப்பார். ஆனால் ஒரு பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் கருவியை எடுப்பது என்று முடிவு செய்யும் நிலையில் அவர் ஒருமுறைகூட நிறுத்தப்பட்டதில்லை. அந்த முடிவு தவறினால், ஒரு பெட்டி நிறையப் பாகங்கள் வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வரும்.

2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டம் இந்த இடைவெளியைத்தான் குறிவைத்தது. திறன் பயிற்சியைக் கல்லூரிக்கு வெளியே கூடுதல் செலவாக விட்டுவிடாமல், பாடத்திட்டத்துக்குள் மதிப்பலகு (கிரெடிட்) தரும் பாடமாகக் கொண்டுவந்தது சரியான முடிவு. ஊரில் தனியார் பயிற்சி மையங்களில் முப்பதாயிரமும் நாற்பதாயிரமும் கட்ட முடியாத பிள்ளைக்கு அது பெரிய திறப்பு. அந்தப் பயிற்சி எந்திரத்தின் முன்னாலும் கருவிகளோடும் நடந்த கல்லூரிகளிலிருந்து வந்த பிள்ளைகளிடம் வித்தியாசம் தெரிகிறது. காணொளியைப் பார்த்து முடித்துச் சான்றிதழைப் பதிவிறக்கிக்கொண்ட இடங்களில் தெரிவதில்லை. ஆகவே எங்களிடம் வருபவர்களிடம், ஆறு சான்றிதழ்கள் சேர்க்க வேண்டாம், ஒரு வேலையை மட்டும் யார் கேட்டாலும் அங்கேயே செய்து காட்டும் அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்கிறோம். மெக்கானிக்கல் பிள்ளைக்கு அது வரைபடம் படித்து அளவெடுத்து அறிக்கை எழுதுவதாக இருக்கலாம். சிவில் பிள்ளைக்கு ஒரு சிறிய வீட்டின் வரைபடத்திலிருந்து கம்பி அட்டவணை போடுவதாக இருக்கலாம்.

இது பொறியியலுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். கலை அறிவியல் கல்லூரியில் பி.காம் முடித்த பிள்ளைக்கு ஐந்தொகை தயாரிக்கத் தெரியும். திருப்பூரிலோ கோவையிலோ ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் முதல் நாள் அவரிடம் கேட்கப்படுவது வேறு. மாதத்தின் 7ஆம் தேதிக்குள் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்த வருமான வரி) கட்டப்பட வேண்டும், மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரங்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 போக வேண்டும், விற்றவர்கள் காட்டிய பில்களோடு 14ஆம் தேதி வரும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையைக் கொள்முதல் பதிவேட்டோடு ஒப்பிட்டு, விடுபட்ட பில்களுக்காக விற்றவரைத் தொடர்புகொண்டு, 20ஆம் தேதிக்குள் வரியைக் கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலாக வேண்டும். இந்தச் சுழற்சியை ஓர் உண்மையான கடையின் பில்களை வைத்து மூன்று மாதங்கள் செய்து பார்த்த பிள்ளையை எந்த ஆடிட்டரும் திருப்பி அனுப்ப மாட்டார். இறுதியாண்டில் மாலை நேரத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் உட்கார இடம் வாங்கித் தருவதைவிடப் பெரிய உதவியைப் பி.காம் மாணவர்களுக்கு என்னால் யோசிக்க முடியவில்லை.

பட்டத்துக்கும் வேலைக்கும் நடுவே இருக்கும் பாலம் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) பயிற்சி. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் முதலில் ஐடிஐ தொழில்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 1973இல் செய்த திருத்தத்தால் பொறியியல் பட்டதாரிகளும் பட்டயதாரிகளும் அதற்குள் வந்தார்கள். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். தென் மாநிலங்களுக்கான தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட விதிகள் பட்டதாரிக்கு மாதம் 9,000 ரூபாய், பட்டயதாரிக்கு 8,000 ரூபாய் என்று குறைந்தபட்ச உதவித்தொகையை நிர்ணயித்தன. அந்தக் குறைந்தபட்சத்தில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. நிறுவனத்துக்கு இதனால் இழப்பு ஏதும் இல்லை, பிள்ளைக்கோ ஓராண்டு முறையான அனுபவமும் சான்றிதழும் கிடைக்கின்றன. ஆனாலும் கோவையின் பல நடுத்தரத் தொழிற்கூடங்களில் இந்தத் திட்டத்தில் எப்படிப் பதிவு செய்வது என்பதைக்கூட அறிந்திருக்கவில்லை. தொழிற்கூடம் நடத்தும் என் நண்பர்களிடம் இதைப் பற்றிப் பேசாமல் நான் விடுவதில்லை.

பழகுநராகச் சேரும் பிள்ளைகள் சேருவதற்கு முன் இரண்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தங்கள் ஒப்பந்தம் வாரியத்தின் இணையதளத்தில் பதிவாகிறதா என்பது ஒன்று. பதிவாகாவிட்டால் ஓராண்டு உழைத்தும் சான்றிதழ் வராது. ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் நிறுத்துவார்களா, பிரிவு மாற்றித் தருவார்களா என்பது இரண்டாவது. லோடிங் பகுதியில் பெட்டி எண்ணுவதிலேயே பன்னிரண்டு மாதத்தைக் கழித்துவிட்டு வந்தவர்களும் உண்டு, கணினியால் இயங்கும் சிஎன்சி எந்திரத்தில் மூன்று மாதம், பரிசோதனையில் மூன்று மாதம், திட்டமிடலில் மூன்று மாதம் என்று சுற்றிவந்து நிரந்தர வேலையோடு அமர்ந்தவர்களும் உண்டு. இருவர் வாங்கிய உதவித்தொகையும் ஒன்றேதான்.

9,000 ரூபாயில் கோவையில் அறை வாடகையும் மெஸ்ஸும் போக வீட்டுக்கு அனுப்ப எதுவும் மிஞ்சாது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. டெலிவரியில் பதினைந்தாயிரம் சம்பாதித்துக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பழகுநராகச் சேர் என்று சொல்வது, மாதம் ஆறாயிரத்தை இழக்கச் சொல்வது. மருத்துவச் செலவோ கடனோ இருக்கும் வீட்டில் அந்த ஆறாயிரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அந்த ஓராண்டுக்கு நிறுவனங்கள் குறைந்தபட்சத்துக்கு மேல் கொடுப்பதோ, தங்குமிடமும் ஒருவேளைச் சாப்பாடும் தருவதோ பெரிய தியாகம் ஒன்றும் அல்ல. கொடுத்த நிறுவனங்கள் பயிற்சி முடிந்ததும் ஆளைத் தக்கவைத்துக்கொள்கின்றன என்பதை எங்கள் வட்டாரத்திலேயே காண்கிறேன். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதத் தொகை படிப்பு முடிந்ததும் நின்றுவிடுகிறது. அதைப் பழகுநர் ஆண்டு முடியும் வரை நீட்டித்தால், வீட்டுக்கும் பிள்ளைக்கும் நடுவே நடக்கும் இந்த வாதத்தில் பிள்ளையின் பக்கம் கொஞ்சம் வலுப்பெறும் என்று நம்புகிறேன்.

இவை அனைத்துக்கும் முன்னால் கல்லூரிகள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதற்கு நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை. கடந்த மூன்று ஆண்டுகளில் இறுதிப் பருவம் முடித்தும் பட்டம் பெறாதவர்களின் பட்டியலை ஒவ்வொரு துறையும் எடுக்க வேண்டும். யாருக்கு எத்தனை தாள்கள், எந்தத் தாள்கள், இன்னும் எத்தனை பருவங்கள் அவகாசம் இருக்கிறது என்று குறிக்க வேண்டும். பிறகு அவர்களை அழைக்க வேண்டும். கல்லூரியின் பதிவேட்டில் இருப்பது பெரும்பாலும் சேர்க்கையின்போது கொடுத்த அப்பாவின் பழைய எண்; அது இப்போது யாரிடமோ இருக்கும். வகுப்புத் தோழர்களின் வாட்ஸ்அப் குழு வழியாகத் தேடினால் ஒரு மாலையில் பாதிப் பேரைக் கண்டுபிடித்துவிடலாம். ஒரு துறைத்தலைவர் தானே அழைத்து, "உனக்கு ரெண்டு பேப்பர்தான் இருக்கு, சனிக்கிழமை மத்தியானம் வந்தா நான் சொல்லித் தர்றேன், வா" என்று சொன்னதால் வந்து எழுதி முடித்து, இப்போது பெருந்துறை சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒருவரை எனக்குத் தெரியும்.

நவம்பர்–டிசம்பர் தேர்வுக்கான பதிவு தொடங்குவதற்குள், இதைப் படிக்கும் பொறியாளர்களும் கணக்கர்களும் உங்கள் தெருவில், உங்கள் உறவில், உங்கள் நிறுவனத்தின் கேட்டில் தாள் நிற்கும் பிள்ளை யாராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். மதிப்பெண் பட்டியல்களை எடுத்துவரச் சொல்லி, இரண்டு தாள்களைத் தேர்ந்தெடுத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் அவரோடு உட்காருங்கள். எங்கள் குழுவில் எம் த்ரீக்கு ஆள் இருக்கிறது. பொருள்களின் வலிமை (ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்) பாடத்துக்கும், எலக்ட்ரானிக்ஸ் பிள்ளைகள் தடுமாறும் சிக்னல்ஸ் பாடத்துக்கும், பி.காம் மாணவர்களின் செலவுக் கணக்கியலுக்கும் சொல்லித்தர ஆட்கள் தேவை. கோவையில் இருப்பவர்கள் எனக்கு எழுதினால் நேரத்தையும் இடத்தையும் சொல்கிறேன்.